தலையில் அடிபட்ட பிள்ளை திடலுக்குத் திரும்பலாமா?



நான் தோட்டங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருத்துவ உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நம் மக்கள் வாயில் சொன்னால் டிரஸ்ஸர். வேலை ஓய்ந்தாலும் வைத்தியம் கேட்பது ஓய்வதில்லை. கோயிலில் கேட்பார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் கேட்பார்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மாரியம்மன் கோயில் வாசலில் ஓர் அம்மா என்னை நிறுத்தினார்.

"ஐயா, பெரியவனுக்குப் பதிமூணு வயசு. ஸ்கூல் டீம்ல எடுத்திருக்காங்க. நேத்து ஆட்டத்துல இன்னொரு பையன் மண்டையும் இவன் மண்டையும் மோதிக்கிச்சாம். கொஞ்ச நேரம் ஒக்காந்துட்டு மறுபடியும் எறங்கி ஆடியிருக்கான். வீட்டுக்கு வந்து சோறு தின்னான். அரை மணி நேரங் கழிச்சு, 'அம்மா, நான் சாப்புட்டேனா'ன்னு கேக்குறான். இவங்க அப்பா, 'பந்தாடுற பையனுக்கு மண்டையில படாமயா இருக்கும்'னு சிரிக்கிறாரு. நான் இனிமே பந்தே வேணாங்குறேன். யாரு சொல்றது சரி, நீங்களே சொல்லுங்க."

கணவன் சொன்னதிலும் பாதி சரி, மனைவி சொன்னதிலும் பாதி சரி. ஆனால் அதை விளக்குவதற்கு முன் நான் ஒன்று கேட்டேன்: "பையன் இப்ப எங்கம்மா?"

"திடல்ல பந்தாடிக்கிட்டிருக்கான்."

"மொதல்ல அவன வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்" என்றேன்.

எனக்கு ஏன் அந்த அவசரம் என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன். பிள்ளையைப் பந்து விளையாட விடலாமா, சடுகுடு ஆட விடலாமா, டேக்வாண்டோ வகுப்பில் சேர்க்கலாமா என்று யோசிக்கும் பெற்றோர்கள், ஆடுவதா வேண்டாமா என்பதை மட்டும் எடை போடுகிறார்கள். நான் பார்த்தவரையில் பெரிய ஆபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது. அடிபட்ட பிள்ளையை அன்றைக்கே, அல்லது மறுநாளே, மறுபடியும் ஆட விடுவதில் இருக்கிறது.

நம் மூளை மண்டை ஓட்டுக்குள் ஆணி அடித்து வைத்த பொருள் அல்ல. மிகவும் மிருதுவானது, சுற்றிலும் நீர் நிற்க, அதில் மிதப்பது. பானையில் தயிர் உறைய வைத்து, அதைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு செம்மண் சாலையில் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறுகிறது. பானையில் ஒரு கீறல்கூட இல்லை. வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தால் தயிர் உடைந்து தண்ணீர் விட்டிருக்கிறது. ஓடிவருகிற பிள்ளையின் தலை இன்னொரு தலையில் மோதிச் சட்டென்று நிற்கும்போதும் இப்படித்தான். மண்டை நின்றுவிடுகிறது, உள்ளே இருக்கும் மூளை நிற்பதில்லை. அது குலுங்கும்போது அதற்குள் ஓடும் நரம்பிழைகள் இழுபட்டு வேலை தடுமாறுகிறது. இதைத்தான் மூளை அதிர்ச்சி என்கிறோம். ஆங்கிலத்தில் கன்கஷன் என்பார்கள்; மலாயில் கெகாரான் ஓத்தாக். தலையிலேயே அடிபட வேண்டும் என்பதுகூட இல்லை. நெஞ்சிலோ தோளிலோ பலமாக மோதித் தலை உதறினாலும் இது வரலாம்.

பானையைச் சுற்றித் துணி கட்டினால் பானை உடையாமல் இருக்கும். தயிர் குலுங்காமல் இருக்குமா? டேக்வாண்டோவிலும் மற்றச் சண்டைப் பயிற்சிகளிலும் தலைக்குப் போடும் மெத்தைக் கவசம் அப்படிப்பட்டதுதான். தோல் கிழிவதையும் புடைப்பையும் அது தடுக்கும். மூளை குலுங்குவதைத் தடுப்பதாக அதை நம்பிவிடக்கூடாது. கவசம் இருக்கிறதே என்று பிள்ளை இன்னும் துணிந்து தலையைக் கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன்.

"அவன் மயங்கி விழவே இல்லையே" என்பார்கள் பலர். மூளை அதிர்ச்சி கண்டவர்களில் பெரும்பாலோர் நினைவிழப்பதே இல்லை. எழுந்து நிற்பார்கள், பேசுவார்கள், பந்தை உதைக்கவும் செய்வார்கள். ஆனால் கேட்டதையே திரும்பக் கேட்பார்கள். எந்தப் பக்கம் கோல் அடிப்பது என்று ஒரு கணம் திகைப்பார்கள். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், வெளிச்சம் கண்ணைக் கூசுவது, காரணமில்லாத அழுகை அல்லது கோபம், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும். சில அறிகுறிகள் மறுநாள்தான் தெரியும். சாப்பிட்டேனா என்று அந்தப் பையன் கேட்டானே, அதுவே அறிகுறிதான்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. 1983-ல் நான் வேலை பார்த்த தோட்டத்தில் பொங்கலுக்குச் சடுகுடுப் போட்டி நடந்தது. நான் முதலுதவிப் பெட்டியோடு கோட்டுக்கு அருகில் உட்கார்ந்திருந்தேன். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் பாடிக்கொண்டு போனான். அவனைப் பிடித்தவனுடைய முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில் பட்டது. ஓடிப்போய் முகத்தில் தண்ணீர் தெளித்தேன். நெற்றியில் கோடாலித் தைலம் தேய்த்தேன். மூன்று விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டேன். "மூணு" என்றான். முதுகில் தட்டி, "போ, ஒண்ணுமில்ல" என்றேன். தோட்டமே கை தட்டியது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பத்து நிமிடம் கழித்து அவன் மறுபடியும் பிடிபட்டான். இந்தத் தடவை பலமான அடியே இல்லை. யாருடைய தோளோ இலேசாகப் பட்டது. எழுந்தான், நாலடி நடந்தான், துணி மடிவது போல மடிந்து விழுந்தான். தோட்டத்து லாரியில் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூளையில் வீக்கம் என்றார்கள். பிழைத்துக்கொண்டான். ஆனால் வலது கை பழையபடி திரும்பவில்லை. அவனுடைய அப்பா பால்வெட்டுக் கத்தியை அவன் கையில் கொடுத்துப் பழக்கலாம் என்று இருந்தவர். அந்தக் கை கத்தியை இறுக்கிப் பிடிக்கவே இல்லை. பள்ளிப் படிப்பும் அதோடு நின்றது. அந்தக் குடும்பத்தில் யாரும் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. "டிரஸ்ஸர் ஐயா எவ்வளவோ பார்த்தாரு" என்றுதான் சொல்வார்கள். விரலை எண்ணச் சொன்னால் போதும் என்று எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நானாக நினைத்துக்கொண்டது அது.

முதல் அடியைவிட இலேசான இரண்டாவது அடி ஏன் இப்படிச் செய்கிறது? அடிபட்ட மூளை தன்னைச் சரிசெய்துகொள்ள வழக்கத்தைவிட அதிகச் சத்துக் கேட்கிறது. அந்த நேரம் பார்த்து அதற்குப் போகும் இரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது. வரவு குறைந்து செலவு கூடிய வீடு போலத்தான் அதன் நிலை. அதன்மேல் இன்னொரு குலுக்கல் விழுந்தால், சிலருக்கு மூளை கட்டுமீறி வீங்கிவிடுகிறது. இப்படி நேர்வது அரிது. நேர்ந்தால் நிமிடக் கணக்கில் உயிருக்கு ஆபத்தாகிவிடும். பெரும்பாலும் இளம் பிள்ளைகளிடமே இது காணப்பட்டிருக்கிறது. 2011-ல் வட அயர்லாந்தில் பதினான்கு வயது மாணவன் ஒருவன் பள்ளி ரக்பி ஆட்டத்தில் தலையில் அடிபட்ட பிறகும் தொடர்ந்து ஆடினான். ஆட்டம் முடியும் தறுவாயில் விழுந்தவன் பிழைக்கவில்லை. 2013-ல் மரண விசாரணை அதிகாரி, இரண்டாவது அடியால் வந்த மூளை வீக்கமே காரணம் என்று தீர்ப்புச் சொன்னார். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம் இதற்கென்றே 2009-ல் ஒரு சட்டம் போட்டது. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே மாணவனை வெளியே எடுக்க வேண்டும். மருத்துவர் எழுத்தில் அனுமதி தராமல் அவன் திரும்பக்கூடாது. மற்ற மாநிலங்களும் பின்பு அந்த வழியில் சட்டம் செய்தன.

சந்தேகம் வந்தாலே என்பதைக் கவனியுங்கள். உறுதியாகத் தெரிந்தால் என்று சொல்லவில்லை. திடல் ஓரத்தில் நிற்கும் உங்களால் உறுதி செய்ய முடியாது, என்னாலும் முடியாது. உட்கார வைத்துச் சில கேள்விகள் கேட்கலாம். இது எந்தத் தோட்டத்துத் திடல்? கடைசியாகக் கோல் போட்டது யார்? போன வாரம் யாரோடு ஆடினோம், ஜெயித்தோமா? பதிலில் தடுமாறினால் சந்தேகமே இல்லை. சரியாகச் சொல்லிவிட்டாலும், அன்றைக்கு ஆட்டம் முடிந்தது முடிந்ததுதான்.

இனி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள். கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்கள் இதை ஒரு தாளில் எழுதி அடுப்படியில் ஒட்டி வைத்தால் நல்லது. திரும்பத் திரும்ப வாந்தி. நேரம் ஆக ஆகக் கூடுகிற தலைவலி. எழுப்ப முடியாத தூக்கம். வலிப்பு. ஒரு கண்ணின் பாவை மற்றதைவிடப் பெரிதாக இருப்பது. கை அல்லது கால் மரத்துப்போவது, பலம் குறைவது. பேச்சு குழறுவது. மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ இரத்தமோ தெளிந்த நீரோ வடிவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தோட்டத்துக் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வண்டி பிடியுங்கள், அல்லது 999-க்குக் கூப்பிடுங்கள். கழுத்து வலிக்கிறது என்று சொன்னாலோ, நினைவே இல்லாமல் கிடந்தாலோ, நாலு பேர் சேர்ந்து கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்சுக்குக் காத்திருக்க வேண்டும்.

இதில் ஏமாற்றுகிற ஒன்று இருக்கிறது. காதுக்கு மேலே, நெற்றிப்பொட்டுப் பக்கத்து எலும்பு மிக மெல்லியது. அதன் உட்புறம் ஒரு இரத்தக் குழாய் ஓடுகிறது. அங்கே அடிபட்டுக் குழாய் கிழிந்தால், பிள்ளை முதலில் நன்றாகவே இருப்பான். சிரித்துப் பேசிக்கொண்டு வீட்டுக்கு வருவான். உள்ளே இரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து சில மணி நேரம் கழித்து மூளையை அழுத்தத் தொடங்கும். ஆகவே முதல் நாள் இரவு அவனைத் தனியாக விடக்கூடாது. தூங்கவே விடக்கூடாது என்று பழையவர்கள் சொல்வார்கள். அவ்வளவு வதைக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன அறிகுறி எதுவும் இல்லையென்றால் தூங்கட்டும். பக்கத்தில் பெரியவர் ஒருவர் படுத்துக்கொண்டு, இடையில் ஓரிரு தடவை எழுப்பி, சரியாகப் பதில் சொல்கிறானா என்று பார்த்தால் போதும். வலிக்குப் பெனடோல் வயதுக்கேற்ற அளவில் கொடுக்கலாம். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டாம். புரூபன் போன்ற மாத்திரைகளையும் முதல் நாட்களில் தவிர்ப்பது நல்லது. இரத்தக் கசிவு இருந்தால் அவை அதைக் கூட்டக்கூடும். தைலம் தேய்ப்பதால் கெடுதலில்லை, பலனும் இல்லை. அது நம் மனத்தைத்தான் ஆற்றுகிறது.

ஆஸ்பத்திரியில் தலையைப் படம் பிடித்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டால்? அந்தப் படத்தில் தெரிவது எலும்பு முறிவும் இரத்தக் கட்டும். மூளை அதிர்ச்சி அதில் பெரும்பாலும் தெரியாது. படம் நன்றாக இருக்கிறது என்பதற்கு, நாளைக்கே பந்தாடலாம் என்று பொருள் கொள்ளக்கூடாது.

முன்பெல்லாம் இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்க வைப்பார்கள். இப்போது மருத்துவர்கள் அப்படிச் சொல்வதில்லை. முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு; கைப்பேசி, தொலைக்காட்சி முடிந்தவரை குறைவு. பிறகு மெல்ல நடமாட்டம். அதற்கப்புறம் பள்ளிக்கூடம், முதலில் அரை நாள் என்றாலும் சரி. பாடம் படித்துத் தலைவலிக்காத பிள்ளைதான் திடலைப் பற்றி யோசிக்கலாம். நடை, ஓட்டம், தனியாகப் பந்துப் பயிற்சி என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு நாளாவது விட்டு ஏற வேண்டும். ஏதாவது ஒரு படியில் தலைவலியோ சுற்றலோ கூடினால் கீழே இறங்கி நிற்க வேண்டும். மற்றவரோடு மோதி ஆடுவதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 2023-ல் உள்ளூர் விளையாட்டுகளுக்கு வெளியிட்ட வழிகாட்டி, 21 நாளுக்கு முன்னால் போட்டிக்குத் திரும்பவே கூடாது என்கிறது. நான் இங்கே பெற்றோர்களிடம் அந்த மூன்று வாரக் கணக்கைத்தான் சொல்கிறேன். நினைவில் வைக்கச் சுலபம்.

சரி, ஆடவே விடாமல் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே என்று அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அதையும் எடை போட்டுப் பார்ப்போம்.

இங்கிலாந்தில் ஜெஃப் ஆஸ்ட்டல் என்ற காற்பந்து வீரர் தலையால் முட்டிக் கோல் போடுவதில் பெயர் பெற்றவர். மறதி நோய் வந்து 2002-ல் 59 வயதில் இறந்தார். பந்தைத் தலையால் முட்டி முட்டியே மூளை கெட்டது என்று மரண விசாரணையில் தீர்ப்பாயிற்று. அந்தக் காலத்துப் பந்து தோல் பந்து. மழையில் தண்ணீர் குடித்துக் கல்லாகக் கனக்கும். இன்றைய பந்து தண்ணீர் குடிப்பதில்லை, ஆனால் இன்னும் வேகமாக வருகிறது. 2019-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் 7,676 முன்னாள் ஸ்காட்லாந்துத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் மரணக் காரணங்களை ஆராய்ந்தார்கள். மூளையும் நரம்பும் தேயும் நோய்களால் இறந்தவர்கள் மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு. கோல் காப்பவர்களிடம் அந்தக் கூடுதல் தெரியவில்லை. தற்காப்பு ஆட்டக்காரர்களிடம் மிக அதிகம் என்று 2021-ல் அவர்களே வெளியிட்டார்கள். எங்கள் காலத்தில் நம் தேசியக் குழுவின் கோல் காத்த 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகத்தைப் பார்த்து, தோட்டத்துப் பையன்கள் எல்லாரும் கோல் கம்பத்துக்கு நடுவே நிற்கத்தான் சண்டை போட்டார்கள். அறியாமலே நல்ல இடத்துக்குத்தான் போட்டி போட்டிருக்கிறார்கள்!

ஆனால் அதே ஆய்வின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நியாயம் செய்தவன் ஆகமாட்டேன். அதே ஆட்டக்காரர்களில் இருதய நோயால் இறந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைவு. நுரையீரல் புற்றுநோயாலும் குறைவு. இது நமக்குச் சின்ன விஷயம் அல்ல. 2019-ல் நம் நாட்டில் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 31 பேருக்கு. காலில் புண் வந்து விரலை எடுத்தவர்கள் இல்லாத லயம் எது? ஓடி ஆடாத பிள்ளை நாற்பது வயதில் எங்கே வந்து நிற்கிறான் என்பதை நான் கிளினிக்கில் அன்றாடம் பார்த்தவன். அதோடு, அந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு ஆண்டுக்கணக்கில் பந்தை முட்டியவர்கள். வாரம் இரண்டு நாள் பள்ளித் திடலில் ஆடும் பிள்ளையின் தராசில் அதே படிக்கல்லை வைக்க முடியாது.

இன்னொன்று. சடுகுடு வேண்டாம், மண்டை உடையும் என்று மகனைத் தடுத்த தகப்பனார் ஒருவரை எனக்குத் தெரியும். அதே மகனை மோட்டார் சைக்கிளின் பின்னால், தலைக்கவசம் இல்லாமல், செம்பனைக் காட்டுச் சாலையில் தினமும் ஏற்றிக்கொண்டு போவார். கேட்டால், இது தோட்டத்து ரோடுதானே, போலீஸ் வராது என்பார். நம் நாட்டில் சாலை விபத்தில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். பிள்ளையின் மூளைக்காகக் கவலைப்படுகிறவர் அந்தக் கவலையை வண்டியிலிருந்து தொடங்குவது நல்லது.

அதற்காக எல்லா ஆட்டமும் ஒன்று என்றும் சொல்லமாட்டேன். குத்துச்சண்டைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். 1975 ஜூலை முதல் தேதி முகமது அலியும் ஜோ பக்னரும் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் பதினைந்து சுற்று மோதினார்கள். எங்கள் தோட்டத்தில் வாரக்கணக்கில் அதே பேச்சு. வாழை மரத்தைக்கூடப் பையன்கள் விட்டுவைக்கவில்லை. அலிக்கு 1984-ல் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. அது குத்துகளால்தான் வந்ததா என்பதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் குத்து வாங்கி வாங்கித் தள்ளாடுகிற, நாக்குழறுகிற நோயைப் பற்றி மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928-லேயே எழுதிவிட்டார். மற்ற ஆட்டங்களில் தலையில் படுவது விபத்து. குத்துச்சண்டையில் தலைதான் குறி. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்றே சொல்கிறது. டேக்வாண்டோ, சிலம்பம் போன்றவற்றில் அடவும் வரிசையும் கற்கட்டும். நேருக்கு நேர் மோதவிடும்போது தலைக்கு அடிப்பதை ஆசிரியர் எந்த வயதில் அனுமதிக்கிறார் என்று சேர்க்கும்போதே கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

காற்பந்தில் செய்யக்கூடியது நிறைய. அமெரிக்கக் காற்பந்துச் சங்கம் 2015-ல், பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் பந்தைத் தலையால் முட்டவே கூடாது என்று விதி செய்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துச் சங்கங்கள் 2020-ல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் முட்டுவதை நிறுத்தின. பிள்ளையின் தலை உடம்புக்குப் பெரிது, கழுத்தோ மெலிது, அதனால்தான். நம் தோட்டங்களில் என்ன நடக்கிறது? இருப்பது ஒரே பந்து, பெரியவர்களுடைய பந்து. 410 முதல் 450 கிராம் எடை. காற்றை வேறு கல் மாதிரி அடைத்து வைத்திருப்பார்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு வயது வரை நான்காம் எண் பந்துதான் வாங்க வேண்டும்; அது சிறியது, இலேசானது. கோயில் திருவிழாக் கணக்கில் ஒரு பந்து வாங்க முடியாத தோட்டம் இல்லை.

திடலையும் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். கோல் கம்பம் மண்ணில் ஆழமாக ஊன்றியிருக்கிறதா, அல்லது சும்மா நிறுத்தி வைத்ததா? தொங்கி விளையாடும் பிள்ளைமேல் கம்பம் சாய்ந்து உயிர் போனது பல நாடுகளில் நடந்திருக்கிறது. எல்லைக் கோட்டை ஒட்டியே சிமெண்டுக் கால்வாயா? வெட்டிய மரத்தின் அடிக்கட்டை எட்டிப் பார்க்கிறதா? சடுகுடுக் கோடு போடுவது பிரட்டுக் களத்துச் சரளை மண்ணிலா? அங்கே ஒரு லாரி மணல் கொட்டினால் எத்தனையோ மண்டை தப்பும். பிள்ளைகள் என்று நான் சொன்னதில் பெண் பிள்ளைகளும் அடக்கம். காற்பந்தில் மூளை அதிர்ச்சி பையன்களைவிடப் பெண்களுக்கே அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் தலைவலியைச் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள்.

கடினமான வேலை எது தெரியுமா? ஆசிரியரிடம் போய், என் பிள்ளை இந்த ஆட்டம் ஆடமாட்டான் என்று சொல்வது. நம் மக்கள் பள்ளி வாசலில் தலை சொறிந்துகொண்டு நின்று பழகியவர்கள். ஆசிரியரும் கெட்டவர் அல்ல. கோப்பை வேண்டும் என்று ஆசைப்படுகிறார், நம் பிள்ளையும் அதையே ஆசைப்பட்டு வலியை மறைக்கிறான். கிளினிக்கில் கொடுத்த கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு போங்கள். அடிபட்ட நாள், நேரம், அவன் என்ன தடுமாறினான் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மருத்துவரிடம் போகும்போதும் அதே தாள் உதவும். தோட்டத்துப் போட்டிகளை நடத்தும் இளைஞர் மன்றத்தார், தலையில் அடிபட்டவனுக்குப் பதிலாக இன்னொருவனைக் கணக்கில் சேர்க்காமல் இறக்கலாம் என்று விதி வைத்துக்கொள்ளலாம். 2024-ல் அனைத்துலகக் காற்பந்து விதிப் புத்தகத்திலேயே அதற்கு இடம் கொடுத்துவிட்டார்கள்.

கோயில் வாசலில் கேட்ட அம்மாவின் மகனைத் திங்கட்கிழமை கிளினிக்கில் காட்டினார்கள். கெகாரான் ஓத்தாக் என்றே எழுதிக் கொடுத்தார்கள். நான் மூன்று வாரம் என்றேன். இரண்டாவது வாரம் மாவட்ட அரையிறுதி ஆட்டம். முதல் நாள் இரவு அவனுடைய அப்பா என் வீட்டுக்கு வந்தார். "டிரஸ்ஸர் ஐயா, ஒரே ஒரு ஆட்டம். பையன் நல்லாத்தான் இருக்கான்" என்றார். 1983-ல் நடந்ததை அவரிடம் சொன்னேன். அந்தப் பையனை அவருக்கும் தெரியும். இப்போது ஐம்பதைத் தாண்டியவன், இடது கையால் சாப்பிடுகிறவன். அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து போனார்.

மறுநாள் மகன் சீருடையைப் போட்டுக்கொண்டு தண்ணீர் வாளியோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். குழு தோற்றது. அப்பா என்னோடு இன்னும் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான்காவது வாரம் மருத்துவர் பார்த்துச் சரி என்றதும் பையன் திடலுக்குப் போனான். இப்போது உயர்ந்து வருகிற பந்தையெல்லாம் நெஞ்சில்தான் வாங்குகிறான் என்று அவன் அம்மா போன வெள்ளிக்கிழமை கோயிலில் சொன்னார்.